டெகு கூண்டின் வரலாறு

டெகு என்பது தென்னமெரிக்காவில் சிலி நாட்டின் நடுப்பகுதியில் மட்டும் இயற்கையாக வாழும் ஒரு கொறித்துண்ணி. பார்வைக்கு எலியும் அணிலும் கலந்தது போல இருக்கும். உடல் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளம். வாலின் நுனியில் கறுப்பு மயிர்க் குச்சம். வளர்ந்த விலங்கின் எடை 170 முதல் 300 கிராம் வரை, அதாவது நம் வீட்டுக் கூரையில் ஓடும் அணிலைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இதைச் செல்லப் பிராணியாக வளர்க்கிறார்கள்.

வளர்ப்பவர்களில் பலர் கடையில் விற்கும் கூண்டை வாங்குவதில்லை. துணி அலமாரியையோ கண்ணாடித் தொட்டியையோ எடுத்து, மரச்சட்டமும் கம்பி வலையும் சேர்த்துத் தாங்களே கூண்டு செய்கிறார்கள். கிளிக்கும் முயலுக்கும் வெள்ளெலிக்கும் கடைக்கூண்டு போதும் என்கிறவர்கள் டெகு என்று வந்ததும் ரம்பத்தைத் தேடுவது ஏன்? இந்தச் சிறு விலங்கு மனிதர் கையில் வந்து சேர்ந்த வழியைப் பார்த்தால் அதற்கு விடை கிடைக்கிறது.

பெயர் வந்த கதை

டெகு என்ற சொல் சிலியின் பழங்குடியினரான மபுச்சே மக்களின் மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் எலியைக் குறிக்கும் சொல்லே ஸ்பானிய நாக்கில் டெகு ஆயிற்று.

இந்த விலங்குக்கு முதலில் அறிவியல் பெயர் சூட்டியவர் சிலியில் பிறந்த இயேசு சபைத் துறவி ஹுவான் இக்னாசியோ மொலினா. 1767இல் ஸ்பானிய அரசர் இயேசு சபையினரைத் தம் ஆட்சிப் பகுதிகள் அனைத்திலிருந்தும் வெளியேற்ற ஆணையிட்டார். மொலினா நாடு கடத்தப்பட்டு இத்தாலியின் பொலோனா நகரில் குடியேறினார். தாய்நாட்டின் மலைகளையும் செடிகொடிகளையும் விலங்குகளையும் பற்றி அங்கிருந்தபடியே எழுதினார். 1782இல் வெளிவந்த அவருடைய சிலி இயற்கை வரலாற்று நூலில் டெகு இடம்பெற்றது. அவர் அதை அணில் இனத்தில் சேர்த்தார். திரும்ப முடியாத ஊரின் விலங்கைத் தொலைவிலிருந்து வகைப்படுத்தியவரிடம் இந்தப் பிழையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் டெகுவை வேறொரு விலங்காக நினைத்துக்கொள்ளும் பழக்கம் அவரோடு நிற்கவில்லை.

அரை நூற்றாண்டுக்குப் பின், வால்பரைசோவில் வாழ்ந்த ஆங்கிலேயச் சேகரிப்பாளர் ஹியூ கமிங் அனுப்பிய உயிரினங்களை லண்டனில் எட்வர்ட் பென்னட் ஆராய்ந்தார். 1832இல் அவர் ஆக்டோடான் என்ற பேரினப் பெயரை உருவாக்கினார். எட்டுப் பல் என்று இதற்குப் பொருள். டெகுவுக்கு எட்டே பற்கள்தாம் என்று நினைத்துவிடக் கூடாது. தேய்ந்த கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பு எட்டு என்ற எண்ணின் வடிவில் இருப்பதால் வந்த பெயர் இது. கமிங்கின் விலங்கும் மொலினாவின் 'அணிலும்' ஒன்றே என்பது பின்னர் தெளிவாயிற்று. இன்று அதன் பெயர் ஆக்டோடான் டெகஸ்.

1834இல் பீகிள் கப்பல் வால்பரைசோவில் நின்றபோது சார்லஸ் டார்வினும் இவற்றைக் கண்டார். வேலிப் புதர்களில் பெருங்கூட்டமாக வாழ்வதையும், பகலில் அஞ்சாமல் நடமாடுவதையும் அவர் கவனித்திருக்கிறார். கூண்டு செய்பவருக்கு வேண்டிய இரண்டு முக்கியமான செய்திகள், கூட்டமும் பகலும், அப்போதே எழுத்தில் வந்துவிட்டன.

சொந்த ஊரில் டெகு

மத்திய சிலியில் மழைக்காலம் குளிரானது. கோடை நீண்டது, வறண்டது. முட்புதர்களுக்கு இடையே டெகுக்கள் மண்ணில் வளை தோண்டி வாழ்கின்றன. ஒரு வளையைப் பல பெண் விலங்குகளும் ஒன்றிரண்டு ஆண் விலங்குகளும் பகிர்ந்துகொள்கின்றன. குட்டிகளைத் தாய்கள் சேர்ந்தே வளர்க்கின்றன. கோடையில் காலையிலும் மாலையிலும் மேய்ந்துவிட்டு, உச்சி வெயிலில் வளைக்குள் போய்விடும். வளைவாயின் அருகே குச்சி, கல், சாணம் இவற்றைக் கொண்டுவந்து குவித்து வைக்கும் வழக்கமும் உண்டு.

உணவு புல், இலை, பட்டை, விதை. பெரும்பாலும் நார், சர்க்கரை மிகக் குறைவு. நார் மிகுந்த இந்தத் தீனிக்கேற்ப அதன் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். கொறித்துத் தேய்த்தாக வேண்டும். ஆரஞ்சு நிறமுள்ள அந்த முன்பற்களைக் கூண்டு செய்பவர்கள் யாரும் எளிதில் மறக்க மாட்டார்கள்.

வாலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எதிரி வாலைப் பிடித்தால் டெகு வாலின் தோலை உறையைப் போல உருவிக் கொடுத்துவிட்டுத் தப்பிவிடும். பல்லியின் வாலைப் போல அது மறுபடி வளராது. தோல் போனபின் எஞ்சும் எலும்பை விலங்கு தானே கடித்து நீக்கிவிடும். காட்டில் உயிர் காக்கும் இந்த உத்தி கூண்டில் ஒரு விபத்தாக மாறிவிடுகிறது.

டெகு சிறுநீரால் தன் பாதைகளையும் மணற்குளியல் இடங்களையும் அடையாளமிடும். 2003இல் சிலி நாட்டு ஆய்வாளர்கள் இடம்பெற்ற ஓர் ஆய்வு, டெகுவின் கண் புற ஊதாக் கதிரை உணரும் என்றும், புதிய சிறுநீர் அக்கதிரை நன்கு எதிரொளிக்கும் என்றும் காட்டியது. நமக்கு ஈரமாக மட்டும் தெரியும் தடம் அதற்கு ஒளிரும் அடையாளமாகத் தெரியக்கூடும். மரப்பலகையைத் தினமும் துடைத்து வைப்பவர் தம்மை அறியாமலே அந்த அடையாளங்களை அழித்துக்கொண்டிருக்கிறார்.

டெகுவுக்கு முந்திய கூண்டுகள்

ஐரோப்பாவில் வீட்டுக்குள் அடைத்து வளர்க்கப்பட்ட சிறு விலங்குகளில் பறவைக்கு அடுத்தபடி அணிலைச் சொல்ல வேண்டும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் தகரக் கொல்லர்கள் அணில் கூண்டு செய்து விற்றார்கள். சிறிய வீடு போன்ற ஒரு பெட்டி. அதன் பக்கத்தில் கம்பிகளால் ஆன உருளை. அணில் உள்ளே ஓட, உருளை சுழலும். பார்ப்பவர்களுக்கு அது வேடிக்கை. மின்மோட்டாரைப் பற்றிப் படித்த மாணவர்களுக்கு 'அணில் கூண்டுச் சுழலி' என்ற சொல் நினைவிருக்கும். இரு வளையங்களை இணைக்கும் உலோகத் தண்டுகளின் அமைப்பு இந்த உருளையைப் போல இருப்பதால் வந்த பெயர் அது. நான் வகுப்பில் இந்தப் பெயரைச் சொன்ன ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிள்ளையாவது 'அந்த அணில் என்ன ஆச்சு சார்?' என்று கேட்டதுண்டு. அப்போது சிரித்துவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டேன். கம்பிகளுக்கு இடையே கால் மாட்டிக்கொள்ளும் அந்த உருளையின் வடிவம்தான் பிற்காலத்தில் வெள்ளெலிக்கும் டெகுவுக்கும் விற்ற கம்பிச் சக்கரம் வரை வந்தது.

கூண்டு மலிவாவதற்கு இரண்டு தொழில்நுட்பங்கள் உதவின. இரும்பின் மேல் துத்தநாகம் பூசித் துருவைத் தடுக்கும் முறைக்கு 1837இல் பிரான்சில் ஸ்தனிஸ்லா சொரெல் காப்புரிமை பெற்றார். 1844இல் இங்கிலாந்தின் நாரிச் நகரைச் சேர்ந்த சார்லஸ் பர்னார்டு கம்பியை வலையாகப் பின்னும் பொறியை அமைத்தார். துணித் தறியைப் பார்த்து அவருக்குத் தோன்றிய யோசனை அது. அதுவரை கையால் பின்னப்பட்ட கம்பி வலை, சுருள் சுருளாக விற்கும் சரக்காயிற்று. கோழிக்கூண்டு செய்ய எவரும் கம்பி வலை வாங்கலாம் என்ற நிலை வந்தது. இன்றைய டெகு வளர்ப்பவர் பயன்படுத்தும் வெல்டு மெஷ் அந்த வலையின் வழித்தோன்றல்தான்.

சின்சில்லாவும் டெகுவும்

டெகுவின் கூண்டு வரலாற்றை விளங்கிக்கொள்ள அதன் நாட்டுக்காரரான சின்சில்லாவோடு ஒப்பிட வேண்டும். ஆண்டீஸ் மலையில் வாழும் சின்சில்லாவுக்குப் பட்டை மிஞ்சும் மென்மயிர். அந்தத் தோலுக்காக வேட்டையாடி அதை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்தார்கள். 1923இல் மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் பத்துப் பன்னிரண்டு சின்சில்லாக்களைச் சிலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கப்பலில் கொண்டுசென்றார். வெப்பம் தாங்காத விலங்கென்பதால் வழியெல்லாம் பனிக்கட்டி வைத்துக் குளிரூட்டினார். அதிலிருந்து ஒரு பெரிய பண்ணைத் தொழிலே கிளம்பியது. ஒவ்வொரு விலங்கும் விலையுள்ள சொத்து என்பதால் அதன் கூண்டு, தீனி, மணற்குளியல், காற்றோட்டம் எல்லாவற்றையும் பண்ணைக்காரர்கள் கணக்குப் பார்த்து வகுத்தார்கள். விலங்கின் நலம் அவர்கள் நோக்கமன்று. தோல் கெடக் கூடாது என்பதே நோக்கம். ஆனாலும் அளவுகளும் அனுபவமும் சேர்ந்தன. பின்னாளில் சின்சில்லா செல்லப் பிராணியானபோது அதற்கென்றே ஒரு கூண்டு கடையில் இருந்தது.

டெகுவின் தோலுக்கு விலை இல்லை. சிலி விவசாயிக்கு அது பயிரையும் மரக்கன்றையும் கடிக்கும் பீடை. ஆகவே டெகுவுக்கென்று கூண்டு வகுக்க எந்தத் தொழிலுக்கும் தேவை ஏற்படவில்லை. வீட்டுக் கூண்டின் வரலாறு இந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்பது என் கருத்து.

ஆய்வுக்கூடத்தின் பெட்டி

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டெகு அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களுக்குச் சென்றது. 1975 வாக்கில் அதன் உயிரியலைப் பற்றி ஏற்கெனவே தெரிந்தவற்றைத் தொகுத்து எழுதும் அளவுக்குத் தரவுகள் சேர்ந்திருந்தன. ஆய்வாளர்களை ஈர்த்த முதற் காரணம் சர்க்கரை நோய். டெகுவின் இன்சுலின் அமைப்பு மற்றப் பல பாலூட்டிகளின் இன்சுலினிலிருந்து வேறுபட்டது. சர்க்கரை மிகுந்த உணவைக் கொடுத்தால் அதற்கு நீரிழிவும், தொடர்ந்து கண்புரையும் வந்துவிடும். இன்னொரு காரணம் தூக்கம். எலி, சுண்டெலி எல்லாம் இரவில் விழித்திருப்பவை. டெகுவோ மனிதனைப் போலப் பகலில் நடமாடுவது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உடற்கடிகாரத்தைப் பற்றி டெகுக்களைக் கொண்டு பல ஆண்டுகள் ஆய்வு நடந்தது.

ஆய்வுக்கூடத்தில் டெகுவுக்குக் கிடைத்தது எலிக்கென்று செய்த பெட்டி: செருப்புப் பெட்டி வடிவில் பிளாஸ்டிக் தொட்டி, மேலே கம்பி மூடி. அடுக்கி வைக்கவும் கழுவவும் வசதி. விலங்குக்கு என்ன வசதி என்ற கேள்வி அந்த வடிவத்தில் இல்லை.

கூண்டு விலங்கையே மாற்றிவிடும் என்பதற்குச் சான்று அதற்கு முன்பே இருந்தது. 1947இல் கனடா நாட்டு உளவியலாளர் டொனால்ட் ஹெப், தம் வீட்டில் செல்லமாக வளர்ந்த எலிகள் ஆய்வுக்கூடக் கூண்டில் வளர்ந்த எலிகளைவிடப் புதிர்களை நன்றாகத் தீர்த்ததாக அறிவித்தார். 1960களில் பெர்க்லி ஆய்வாளர்கள் விளையாட்டுப் பொருள்களும் கூட்டமும் உள்ள பெரிய கூண்டுகளில் எலிகளை வளர்த்தார்கள். அவற்றின் மூளைப் புறணி வெற்றுக் கூண்டில் தனியே வளர்ந்தவற்றைவிடத் தடித்திருந்தது.

டெகுவைப் பொறுத்தவரை மிகச் சுவையான முடிவு 1999இல் வந்தது. மார்ட்டின் காஸ், டேல் எட்கர் என்ற இருவர் டெகுக்களின் கூண்டில் ஓடும் சக்கரம் வைத்தார்கள். பகலில் நடமாடிய விலங்குகள் விரைவிலேயே இரவில் நடமாடத் தொடங்கிவிட்டன. சக்கரத்தை எடுத்ததும் மீண்டும் பகலுக்குத் திரும்பின. அதாவது 'டெகு பகல் விலங்கா, இரவு விலங்கா' என்ற கேள்விக்குரிய விடையையே கூண்டுக்குள் வைத்த ஒரு சாமான் புரட்டிப்போட்டது. சக்கரம் நல்லதா கெட்டதா என்று வீட்டில் வளர்ப்பவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். நள்ளிரவில் கடகடவென்று சக்கரச் சத்தம் கேட்டு விழித்தவர்கள் இந்த ஆய்வைப் படித்தால் ஆறுதல் அடையலாம்.

ஜெர்மனியின் மாக்டெபர்க் நகர ஆய்வாளர்கள், டெகுக் குட்டிகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனியே வைத்தால் மூளையின் நரம்பு இணைப்புகள் எப்படி மாறுகின்றன என்று ஆராய்ந்தார்கள். மாற்றங்கள் தெளிவாகவே தென்பட்டன. ஒற்றை டெகுவை வாங்கிச் சிறிய கூண்டில் வைப்பவர் அதற்கு என்ன செய்கிறார் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் நடந்த ஆய்வுகள் வேறு மாதிரி. 2004இல் அங்கிருந்த டெகுக்கள் யாரும் பழக்காமலே சிறிய கிண்ணத்தைப் பெரிய கிண்ணத்துக்குள் வைப்பதைக் கண்டறிந்தார்கள். 2008இல், எட்டாத தீனியைச் சிறு வாரியால் இழுத்தெடுக்க டெகுக்களைப் பழக்கிக் காட்டினார்கள். வளைவாயில் குச்சியும் கல்லும் குவிக்கும் விலங்கிடம் இது வியப்பில்லை. பொருளை எடுத்துச்செல்லும் பழக்கமுள்ளதற்கு எடுத்துச்செல்ல ஏதாவது கொடுக்க வேண்டும் என்று வீட்டில் கூண்டு செய்பவர்கள் புரிந்துகொண்டார்கள். மரத்துண்டுகளும் கூழாங்கற்களும் உலர்ந்த புல்லும் தனித்தனியே வைத்தால், காலையில் பார்க்கும்போது எல்லாம் இடம் மாறியிருக்கும்.

கடைக்கூண்டில் நேர்ந்தவை

ஆய்வுக்கூடங்களிலும் விலங்குக் காட்சிசாலைகளிலும் பெருகிய டெகுக்களின் வழித்தோன்றல்கள் 20ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் செல்லப் பிராணிக் கடைகளை எட்டின. பகலில் விழித்திருக்கும், மனிதரிடம் பழகும், பலவகை ஒலிகளால் 'பேசும்' விலங்கு என்பதால் விரும்பி வாங்கினார்கள். உடன் வாங்கிய கூண்டு வேறு ஏதோ ஒரு விலங்குக்கு உரியதாக இருந்தது.

வெள்ளெலிக்குச் செய்த பிளாஸ்டிக் அடித்தட்டுக் கூண்டை டெகு சில நாள்களில் கடித்து ஓட்டை போட்டது. விழுங்கிய பிளாஸ்டிக் துண்டு குடலை அடைக்கும் ஆபத்து வேறு. சின்சில்லாக் கூண்டின் கம்பி இடைவெளி பெரிய டெகுவுக்குச் சரி. ஆனால் ஏறத்தாழ 90 நாள் கருவிலிருந்து கண் திறந்து, மயிரோடு பிறந்து, உடனே ஓடத் தொடங்கும் டெகுக்குட்டி அதில் நுழைந்து வெளியே போய்விடும். எலிக்கூண்டின் கம்பித் தரை பாதத்தில் புண் உண்டாக்கியது. மீன் தொட்டியில் வைத்தால் கடிக்க முடியாது, தோண்டலாம். ஆனால் காற்று நகராமல் சிறுநீரின் அம்மோனியா நெடியும் வெப்பமும் தேங்கும். கம்பிச் சக்கரம் வாலைப் பிடித்தது. கடையிலேயே விற்ற உலர்திராட்சையும் தேன் பூசிய குச்சியும் நீரிழிவைக் கொண்டுவந்தன. நல்ல பராமரிப்பில் 5 முதல் 8 ஆண்டு, சில சமயம் அதற்கும் மேல் வாழக்கூடிய விலங்கு கண்புரையோடு பாதியில் செத்தது.

இவை ஒவ்வொன்றும் வீட்டில் ஒருவர் கண்ணெதிரே நடந்த இழப்புகள். அடுத்த கூண்டின் மாற்றங்கள் அவற்றிலிருந்துதான் வந்தன. அம்முறையில் பார்த்தால் ஆய்வுக்கூடம் பல ஆண்டு ஆராய்ந்து சொன்னதற்கும், ஒரு வீட்டில் இரண்டு டெகுக்களை இழந்தவர் கற்றதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. பின்னவருக்கு அதைப் பதிவுசெய்ய இடமில்லாமல் போனது ஒரு குறை.

அலமாரி கூண்டானது

வீட்டுக் கூண்டுக்கு உதவிக்கு வந்தது மரச்சாமான் தொழில். மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்யும் பலகை 1940களில் ஜெர்மனியில் தொழிலாக வளர்ந்தது. 1943இல் ஸ்வீடனில் தொடங்கிய ஐக்கியா நிறுவனம் 1950களின் நடுவில், வாங்கியவரே வீட்டில் பூட்டிக்கொள்ளும்படி மரச்சாமானைத் தட்டையாக மடித்து விற்கத் தொடங்கியது. இதனால் ஐரோப்பாவில் சாதாரணக் குடும்பத்தாருக்கும் திருப்புளியும் துளைக்கருவியும் கைப்பழக்கம் ஆயின. பழைய அலமாரியும் மலிவாகக் கிடைத்தது.

ஜெர்மன் மொழியில் சொந்தமாகச் செய்ததைக் குறிக்க 'ஐகன்பாவ்' என்று ஒரு சொல் உண்டு. சிறு விலங்கு வளர்ப்பவர்களிடையே அது ஏறத்தாழ ஒரு கூண்டு வகையின் பெயராகவே ஆகிவிட்டது. 1 மீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆழமும் ஆளுயரமும் உள்ள துணி அலமாரி ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். கதவைக் கழற்றிவிட்டு, மரச்சட்டத்தில் வெல்டு மெஷ் அடித்த புதிய கதவைக் கீல் வைத்து மாட்டுவார்கள். பக்கப் பலகையில் சன்னல் வெட்டிக் காற்றோட்டத்துக்கு வலை அடிப்பார்கள். அடியில் 20, 30 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கண்ணாடித் தடுப்பு. அதற்குள் மண்ணோ மரத்தூளோ உலர்புல்லோ கொட்டித் தோண்ட விடுவார்கள். அதற்கு மேலே மூன்று நான்கு தட்டுகள்.

கேட்க எளிது. செய்யும்போதுதான் டெகு பாடம் நடத்தும். வலையைச் சட்டத்தின் வெளிப்பக்கம் அடித்தால் உள்ளே மரவிளிம்பு தெரியும். விளிம்பு தெரிந்தால் பல் பதியும். ஆகவே வலையை உட்புறமாக அடித்து, ஓரத்தை அலுமினிய ஆங்கிளால் மூடக் கற்றுக்கொண்டார்கள். தட்டையான பரப்பில் டெகுவுக்குக் கடிக்கப் பிடி கிடைப்பதில்லை. மூலையும் விளிம்பும் துளையும்தான் அதற்குத் தொடக்கம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு கூண்டின் ஆயுள் மாதங்களிலிருந்து ஆண்டுகளாயிற்று. வலைக்கண்ணின் அகலம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் என்று ஆனது குட்டிகள் தப்பியோடிய பின்தான்.

தட்டுகளுக்கு இடையே எவ்வளவு உயரம் என்பது இன்னொரு கேள்வி. டெகு நன்றாக ஏறும், தாவும். ஆனால் அது மரவாழ் விலங்கன்று. உயரத்திலிருந்து நேரே அடிவரை விழுந்தால் கால் முறியும். ஆகவே ஒரு தட்டின் திறப்புக்கு நேர்கீழே இன்னொரு தட்டின் முழுப் பகுதி வருமாறு மாற்றி மாற்றி அமைப்பார்கள். மொலினாவைப் போல அணில் என்று நினைத்து, உயரமாக மட்டும் செய்தவர்கள் பின்னர் அடித்தளத்தை அகலப்படுத்த வேண்டியிருந்தது.

மரத்துகள் பலகைக்கு ஒரு பெரிய குறை: ஈரம் பட்டால் ஊதிவிடும். டெகுவின் சிறுநீர் தட்டின் வெட்டுமுனை வழியே இறங்கினால் சில மாதங்களில் பலகை உப்பி, நாறத் தொடங்கும். பசையைக் கடித்துத் தின்பதும் நல்லதன்று. இதற்காகத் தட்டுகளை ஒட்டுப்பலகையிலோ முழு மரத்திலோ செய்து, ஐரோப்பிய விளையாட்டுப் பொருள் தரமான இ.என். 71இன் மூன்றாம் பகுதிக்கு உட்பட்ட வண்ணத்தைப் பூசினார்கள். குழந்தை வாயில் வைத்தாலும் கெடுதல் செய்யாத பூச்சு அது. ஜெர்மானியர் அதை 'எச்சில் வண்ணம்' என்ற பொருளில் வேடிக்கையாக அழைக்கிறார்கள். குழந்தையின் பொம்மைக்காக வகுத்த சட்டம் சிலி நாட்டு எலிக்குப் பயன்பட்டது. வேறு சிலர் பூச்சை நம்பாமல் தட்டின் மேல் பீங்கான் ஓடு பதித்தார்கள். கழுவ எளிது, கோடையில் டெகு அதன்மேல் வயிற்றைப் பரப்பிப் படுத்துக் குளிர்ந்துகொள்ளும்.

வலையின் துத்தநாகம் பற்றிய அச்சம் பறவை வளர்ப்பவர்களிடமிருந்து வந்தது. புதிய வலையில் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும் துத்தநாகத்தைக் கிளிகள் கொத்தி விழுங்கி நோயுற்ற அனுபவம் அவர்களுக்கு உண்டு. வலையை வினிகரால் தேய்த்துக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தும் அவர்களுடைய வழக்கத்தை டெகு வளர்ப்பவர்களும் எடுத்துக்கொண்டார்கள். வசதியுள்ளவர்கள் துருப்பிடிக்காத எஃகு வலைக்கு மாறினார்கள்.

சக்கரமும் மாறியது. கம்பி இல்லாத, மூடிய ஓடுபரப்பும் ஒரு பக்கம் முழுச் சுவரும் உள்ள, முதுகு வளையாத அளவுக்குப் பெரிய, சுமார் 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரச்சக்கரம் அல்லது உலோகச் சக்கரம் வழக்கமாயிற்று. அணில் உருளையில் தொடங்கிய தவறு திருத்தப்பட இரண்டு நூற்றாண்டு ஆகியிருக்கிறது. மணற்குளியலுக்குப் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதில் கனமான பீங்கான் அல்லது கண்ணாடிப் பாத்திரம் வந்தது, கவிழாது, கடிபடாது. ஆப்பிள், வில்லோ, ஹேசல் மரக் கிளைகளைப் பட்டையோடு உள்ளே நட்டு வைத்தார்கள். அவற்றை டெகு தின்று தீர்த்துவிடும். தீர்வதற்காகவே அவை வைக்கப்படுகின்றன.

சட்டம் வந்த பிறகு

சட்டங்கள் இந்த அனுபவத்துக்குப் பின்னாலேதான் வந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையிலுள்ள 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், வளர்ப்பவர் விலங்குக்குப் பொருத்தமான இடம் தர வேண்டும் என்றும், தன் இனத்தோடு சேர்ந்தோ பிரிந்தோ வாழும் அதன் தேவையை மதிக்க வேண்டும் என்றும் கடமையாக்கியது. 2008இல் நடைமுறைக்கு வந்த சுவிட்சர்லாந்தின் ஆணை, கூட்டமாக வாழும் இனங்களுக்குத் தம் இனத்தோடு உரிய தொடர்பு இருக்க வேண்டும் என்றது. எதிர்த் திசையில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் டெகுவை வளர்ப்பதையே தடுத்துள்ளது. சிலியின் நடுப்பகுதியைப் போன்ற தட்பவெப்பம் அங்கும் உண்டு. தப்பித்த டெகு அங்கே பயிர்ப் பீடையாகப் பெருகலாம். சிலி விவசாயி படும் பாட்டை அறிந்தவர் இந்தத் தடையில் குறை காண மாட்டார்.

அலமாரிக் கூண்டு கனமானது. அறைக்குள்ளேயே பூட்டியதால் கதவு வழியே வெளியே வராது. டெகுக்கள் இறந்தபின் அதைப் பிரித்து, அடுத்தவருக்குக் கொடுப்பது வழக்கம். வாங்கியவர் கண்ணாடியையும் ஓட்டையும் வலையையும் கழுவி எடுத்துக்கொள்கிறார். மரத்தட்டுகளை மட்டும் புதிதாக அறுக்க வேண்டும். பழைய குடும்பத்தின் அடையாளம் மரத்தில் ஊறியிருக்கும். புதிதாக வந்த டெகுக்கள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, முதல் நாளே அதன்மேல் தங்கள் அடையாளத்தை இடத் தொடங்கிவிடும்.